மஞ்சள் மருந்தில் கலங்கல்

வெள்ளிக்கிழமை, ராத்திரி.

மருந்து கம்பெனி லேப்பில் கண்ணாடிக் குழாய்களைக் கடைசியாக டிஸ்டில்டு வாட்டரில் அலசாமல், உப்புப் போர் தண்ணீரிலேயே கழுவி வைத்துவிட்டேன். வெட்கம்தான். பல்லடத்தில் தறி ஓட்டும் என் வீட்டுக்காரர் மாதம் ஒருமுறை வந்து, துடியலூர் பஸ் நிறுத்தத்தில் ஐந்து மணிவரை நிற்பார். இன்று அவர் வரும் நாள்; அந்த நினைப்பு.

கெமிஸ்ட் கவிதா அந்தக் குழாயில் மஞ்சள் மருந்தை ஊற்றி சல்பேட் உப்பு இருக்கிறதா என்று பார்த்தாள்; இருந்தால் கலங்கும். அந்த நிறத்தில் லேசான கலங்கல் தெரியாது. இந்தக் கலங்கலோ எனக்கே தெரிந்தது.

"ஏனுங்க அக்கா, மருந்து மொத்தமும் வேஸ்ட்டுங்களா?" என்றாள் கவிதா.

"மருந்து நல்லாத்தான் இருக்குது கண்ணு. போர் தண்ணி ஊத்துன என்னையத்தான் தூக்கிக் கொட்டோணும்."

சிரித்தாள். எல்லாவற்றையும் மறுபடி டிஸ்டில்டு வாட்டரில் கழுவினேன், மறு சோதனையில் மருந்து தேறியது. நான் ஓடிப் போவதற்குள் அவர் நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பியிருந்தார். டீக்கடையில் எனக்காகப் பத்து முட்டை கொடுத்து வைத்திருந்தார். பையில் தறி எண்ணெய் வாசம். பஸ்ஸில் வழியெல்லாம் மடியிலேயே வைத்திருந்தேன். இறங்கும்போது கம்பியில் இடித்து ஏழு உடைந்தன.