உடையாத பல்

அல்கோதோனெஸ்
பிப்ரவரி 11, திங்கட்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

இலாரியோ எழுதுகிறேன். நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். ரத்தக் கொதிப்பு மாத்திரை மூன்று மாதத்துக்கு இதோடு வைத்திருக்கிறேன். காலையில் ஒன்று, சாப்பிட்ட பிறகு. பாதியாக உடைத்து இரண்டு நாளைக்கு ஓட்டாதே.

போனில் சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் நீ அழுவாய், நான் கத்துவேன், பக்கத்து வீட்டிலிருந்து ரமீரோவின் அம்மா ஓடிவந்து போனை வாங்கிக்கொள்வாள். அதனால்தான் கடிதம். பஸ் ஓட்டுகிற சிலானோவிடம் கொடுத்தனுப்புகிறேன், புதன்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும். நீ மட்டும் படி. கடைசிவரை படி. நடுவில் மடித்து மாதா படத்துக்குப் பின்னால் செருகிவிடாதே.

விஷயம் இது. டெல்ஃபினா அக்கா எந்தப் படியிலும் விழவில்லை. மூன்று தடவையும் உன் மருமகன் ரமீரோதான் அடித்தான். உனக்குச் சொல்லப்பட்டது முதலில் படி, அப்புறம் ஃப்ரீஸர் கதவு, மறுபடியும் படி. எல்லைக்கு அந்தப் பக்கம் யூமாவில் அவர்கள் வீட்டுக்கு மொத்தமே ஒரு படிதான் அம்மா. அதன் உயரம் ஒரு செங்கல்.

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். ஆறு வருஷமாகப் பல் செய்கிறேன். இந்த ஊரில் நாலு தெரு, நாலு தெருவிலும் பல் டாக்டர். அந்தப் பக்கத்து வெள்ளைக்காரக் கிழவன் கிழவிகள் காலையில் எல்லையைத் தாண்டி நடந்து வந்து வாயைத் திறக்கிறார்கள், சாயங்காலம் புது வாயோடு திரும்பிப் போகிறார்கள். விழுந்து உடைந்த வாய் எத்தனையோ என் மேஜைக்கு வந்திருக்கிறது. விழுகிறவர்கள் கையை ஊன்றுவார்கள். உள்ளங்கை சிராய்ந்திருக்கும், மோவாய் கிழிந்திருக்கும். அக்காவின் உள்ளங்கையில் ஒரு கீறல் இல்லை. உதட்டின் உள்பக்கம் அவள் பல்லாலேயே அறுபட்டிருந்தது. எதிரே நின்று குத்தினால்தான் அப்படி ஆகும். முதல் தடவையே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் அளவெடுத்தேன்.

முதல் தடவை அவன் எப்படி வந்தான் தெரியுமா? இரண்டு பெட்டி லெட்டூஸ் கீரையைத் தூக்கிக்கொண்டு, சிரித்தபடி. பட்டறையில் எல்லாருக்கும் கை கொடுத்தான். “என்ன மச்சான், ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்க? உனக்கு வேலை கொண்டாந்திருக்கேன்” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பக்கம் போனால் ஒரு பல் கேப்புக்கு எங்களைப் போல நாலு மடங்கு கேட்பார்கள். அதைவிட, எப்படி உடைந்தது என்றும் கேட்பார்கள். கேட்டு எழுதி வைப்பார்கள், சந்தேகம் வந்தால் போலீசைக் கூப்பிடுவார்கள். இங்கே டாக்டர் பெர்த்தா கேட்டார். அக்கா “படி” என்றாள். டாக்டர் “படி” என்று எழுதிக்கொண்டார். வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். முடிந்தது விசாரணை.

பீங்கானில் ஒரு முன்பல் செய்து கொடுத்தேன். பதினான்கு மாதம் தாங்கியது. இரண்டாவது தடவை வந்தபோது அந்தப் பீங்கான் நடுவில் முறிந்திருந்தது, பக்கத்துப் பல்லும் பாதி போயிருந்தது. இங்கேதான் நான் செய்த முட்டாள்தனத்தை நீ கேட்க வேண்டும். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் பீங்கான் மேல் வந்தது. என் வேலை உடைந்துவிட்டதே என்று வந்தது. சிர்கோனியா என்று ஒன்று இருக்கிறது, பார்க்கப் பல் மாதிரி வெள்ளையாக இருக்கும், உறுதியில் இரும்பு. அதில் இரண்டு பல் கடைந்தேன். வேருக்குள் உலோகக் கம்பி இறக்கச் சொல்லி டாக்டரிடம் சண்டை போட்டேன். “இவ்வளவு முரட்டுத்தனமா எதுக்குடா, பொம்பள வாய்க்கு?” என்று அவர் கேட்டார். நான் கேட்கவில்லை. பொருத்தி முடித்ததும் கண்ணாடியைக் காட்டி, “இனிமே சுத்தியால அடிச்சாலும் உடையாதுக்கா” என்று பெருமையாகச் சொன்னேன்.

ரமீரோ பக்கத்தில்தான் நின்றான். குனிந்து அந்தப் பல்லை நகத்தால் இரண்டு தட்டு தட்டினான். “பாப்போம்” என்றான்.

அன்றைக்கு அக்கா யூமாவுக்குத் திரும்பாமல் என் அறையிலேயே இரண்டு நாள் இருந்தாள், ஞாபகம் இருக்கிறதா? மூன்றாம் நாள் நீ போன் செய்தாய். “கீரை சீசன்ல அவனுக்கு எத்தன தலைவலி. அம்பது பேர மேய்க்கிறான். சீசன் முடிஞ்சா கோவமும் முடிஞ்சிரும். வீட்டுக்குப் போ தாயி” என்று சொன்னாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது, நானும் கேட்டேன். அக்கா உடனே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். உன் கூரையை அவன் மாற்றிக் கொடுத்த வருஷம் அது. குத்திக் காட்டவில்லை, நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

இப்போது மூன்றாவது. போன புதன்கிழமை சாயங்காலம். வயலுக்குக் கொண்டுபோன பரிட்டோ ரொட்டி ஆறிப்போயிருந்ததாம். ஆட்கள் முன்னால் ஆறின சாப்பாட்டைத் தின்ன வேண்டியதாகிவிட்டதாம். திரும்பி வந்ததும் காபி ஃபிளாஸ்க்கால் அடித்தான். இரண்டு லிட்டர் ஃபிளாஸ்க், எஃகு, பாதிக் காபி உள்ளே இருந்தது. அடிப்பாகத்தால், வாயில்.

என் பல் உடையவில்லை.

எப்படி என்று சொல்கிறேன், இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அடியின் பலம் எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? பீங்கானாக இருந்திருந்தால் பீங்கான் நொறுங்கி, அதோடு தீர்ந்திருக்கும். நான் போட்டது நொறுங்காது. பலம் முழுவதும் கம்பி வழியாக வேருக்குப் போய், வேரைப் பிளந்து, வேரைப் பிடித்திருந்த எலும்பையும் பெயர்த்துவிட்டது. பக்கத்துப் பல் இரண்டும் கூடவே போயின. வியாழக்கிழமை காலையில் அவள் வாயைத் திறந்தபோது நாலு பல்லும் ஒரு துண்டு எலும்போடு முன்னும் பின்னும் ஆடின. டாக்டர் பெர்த்தா எடுத்து எடுத்துத் தட்டில் போட்டார், நான்தான் தட்டைப் பிடித்திருந்தேன். என் இரண்டு கேப்பிலும் ஒரு கீறல் கிடையாது. ரத்தத்தைக் கழுவினால் வேறு ஒருத்திக்கு மாட்டலாம், அவ்வளவு சுத்தமான வேலை. டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

ஒரு ராத்திரி முழுக்கத் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள் அம்மா. யூமாவில் ஆஸ்பத்திரி இல்லையா? இருக்கிறது. அங்கே கேள்வி கேட்பார்கள். அதனால் விடியட்டும் என்று காத்திருந்து இங்கே கூட்டி வந்தான். அவளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு எதிர்க் கடைக்குப் போய் டாக்கோ தின்றான்.

நான் பட்டறைக்குத் திரும்பி, அவளுடைய பழைய மேல்தாடை அச்சைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல் மாவில் வார்த்தது, ஒரு கைப்பிடிக் கனம். அப்போது அவன் பல்லைக் குத்திக்கொண்டே உள்ளே வந்தான். “என்ன மச்சான், உடையாதுன்ன? கேரண்டி உண்டா?” என்றான்.

அச்சாலேயே அடித்தேன். முதல் அடி கன்னத்தில். அக்காவின் கல் பல் வரிசை அப்படியே அவன் கன்னத்தில் பதிந்தது. இரண்டாவது அடி வாயில், அச்சு இரண்டாகப் பிளந்தது, அவன் பல்லும் போனது. கீழே விழுந்தவனை மிதித்தேன். விலாவில், கையில், எங்கே பட்டாலும் சரி என்று. எத்தனை என்று தெரியாது. அவன் என் காலைக் கடித்தான், கெண்டைக்காலில் இன்னும் வீக்கம் இருக்கிறது. காத்திருப்போர் அறைக்குக் கதவு திறந்தே கிடந்தது. ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தன் செருப்பில் ரத்தம் படாமல் இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டார். வாய் மரத்துப் போயிருந்த ஒரு கிழவி கத்திப் பார்த்தாள், காற்றுதான் வந்தது. முதலாளி நாசாரியோவும் டாக்டரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். “கொன்னுறாதடா, கடைய மூடிருவாங்க!” என்று முதலாளி கூவினார். இழுத்தும் நான் நிற்கவில்லை அம்மா. பொய் சொல்ல விரும்பவில்லை. எனக்கு அது நன்றாக இருந்தது.

நிறுத்தியது அக்கா. வாயில் பஞ்சோடு எழுந்து வந்து என்னை ஓங்கி அறைந்தாள். என்னைத்தான். அப்புறம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பஞ்சை எடுத்து அவன் வாயைத் துடைத்தாள். அவள் ரத்தத்தோடு அவன் ரத்தத்தைத் துடைத்தாள்.

போலீஸ்காரர் ஒருவர் வந்தார். என்ன நடந்தது என்று கேட்டார். ரமீரோ வாயைத் திறப்பதற்கு முன்னால் அக்கா கையால் வாசலைக் காட்டி, “படி” என்றாள். பல் இல்லாத வாயில் அது காற்றாக வந்தது, ஆனாலும் புரிந்தது. முதலாளி உடனே, “ஆமா சார், வழுக்கிட்டாரு, நேத்தே சொன்னேன் அந்தப் படிய மாத்தணும்னு” என்றார். அந்தப் போலீஸ்காரர் என் சட்டையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், எழுதிக்கொண்டு போனார். அந்தச் சொல்லால் என்னைக் காப்பாற்றினாள். அப்புறம் அவனோடு கிளம்பிப் போனாள்.

போகட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மை. கோபத்தில் விட்டுவிட்டேன்.

பிப்ரவரியில் எல்லையைத் தாண்டித் திரும்பிப் போகும் வரிசை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. மருந்துக் கடை வரைக்கும் நீளும், மூன்று மணி நேரம் நிற்க வேண்டும். இடத்தை விட்டால் வால் பக்கம் போய் மறுபடி நிற்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் அக்காவுக்கு மரத்துப்போகப் போட்ட ஊசியின் வேகம் விட்டுவிட்டது. வலி மாத்திரை வாங்கி வரட்டுமா என்று கேட்டிருக்கிறாள். “எடம் போயிரும், வாய மூடிக்கிட்டு நில்லு. உன் தம்பிக்கு உள்ளத வீட்டுக்குப் போய் உன்கிட்ட தீத்துக்கறேன்” என்று சொல்லியிருக்கிறான். இதெல்லாம் அவள் தாளில் எழுதிக் காட்டியது. அவளால் நிற்க முடியவில்லை, சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். வரிசை நகர்ந்தது. அவன் இடத்தை விட மனசில்லாமல் நகர்ந்தான். “எந்திரி, எந்திரி” என்று சொல்லிக்கொண்டே நகர்ந்தான். குடியேற்ற அலுவலகக் கதவுக்குள் போய்விட்டான். உள்ளே போனவர்கள் அதே வழியில் திரும்ப முடியாது. கதவு சாத்தியதும் அவள் எழுந்து, நேராக என் பட்டறைக்கு வந்தாள்.

அன்றிலிருந்து என் அறையில் இருக்கிறாள். உறிஞ்சு குழாயில் கோழிச் சாறு குடிக்கிறாள். நான் கீழே படுத்துக்கொள்கிறேன். முதலாளி என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை, சீசன் முடியட்டும் என்று பார்க்கிறார். அதைப் பற்றிக் கவலைப்படாதே, இந்த ஊரில் பல் கடையத் தெரிந்தவனுக்கு எப்போதும் ஒரு மேஜை கிடைக்கும்.

நீ கவலைப்பட வேண்டியது வேறு. ரமீரோ உனக்குப் போன் செய்து, நான் குடித்துவிட்டு அடித்ததாகச் சொல்லியிருப்பான். வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து அவளைக் கூட்டிப் போவதாகவும் சொல்லியிருப்பான். அவள் கிரீன் கார்டைப் புதுப்பிக்கத் தன் கையெழுத்து வேண்டும் என்று மிரட்டியிருப்பான். கார்டு போனால் போகட்டும். அக்காவிடம் நான் கேட்டேன், இருக்கிறாயா போகிறாயா என்று. தாளில், “அம்மா சொல்லட்டும்” என்று எழுதினாள். பையைக் கட்டிக் கதவோரம் வைத்திருக்கிறாள். பல் இல்லாமல் போனால் அவனுக்கு அவமானமாம், டெம்பரரி பல் செய்து கொடு என்று கேட்கிறாள். முதல் தடவையாக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் இந்தத் தெருவில் வேறு யாரும் மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள்.

ஆகவே அவளுக்கு நீ போன் செய்யாதே. போனில் உனக்குப் பழைய வார்த்தைதான் வரும். வெள்ளிக்கிழமை சிலானோவின் பஸ்ஸில் ஏறி வா. டிக்கெட் அவனிடம் இருக்கிறது. ஜன்னல் ஓரம் கேட்டு வாங்கியிருக்கிறேன். சனிக்கிழமை மத்தியானம் மெஹிகாலி பஸ் நிலையத்தில் நான் நிற்பேன்.

இன்னும் ஒன்று. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். உனக்கு மேல்வரிசையில் இடப்பக்கம் மூன்று பல் கிடையாது. வாய்க்காலில் வழுக்கியதாகச் சொல்வாய். நான் இந்தத் தொழிலுக்கு வந்த முதல் வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தபோது, சோள மாவு பிசைந்துகொண்டே நீ கொட்டாவி விட்டாய். பார்த்துவிட்டேன். அப்பா வலது கைக்காரர், எதிரே நின்று அடித்தால் இடப்பக்கம்தான் விழும். அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிவிட்டது, நான் உன்னிடம் அதைக் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை.

நீ வந்து ஒன்றும் பேச வேண்டாம் அம்மா. யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம், அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். எப்போதும் கையால் மூடிக்கொள்வாயே, அந்தக் கையை எடுத்துவிட்டு, அவள் எதிரே உட்கார்ந்து, வாயைத் திறந்து காட்டு. அவ்வளவுதான் கேட்கிறேன்.

கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் மகன்,
இலாரியோ