தீபத்தன்று நின்ற ஃப்ரிட்ஜ்

அன்புள்ள அண்ணிக்கு,

இன்று தீபம். மலை உச்சியில் ஜோதி தெரிவதற்கு முன் தெருவில் வழக்கம்போல ஒவ்வொரு வீடாக விளக்கை அணைத்தார்கள். என் மகன் இந்த வருடம் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டான். சமையலறையில் ஃப்ரிட்ஜின் உறுமல் சட்டென்று நின்றது. "போடுடா அதை!" என்று நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டுக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். "உள்ள மாவும் பாலும்தாம்மா இருக்குது, அதுக்கு ஏன் இப்படி நடுங்கறீங்க?" என்றான். அவனிடம் என்னத்தைச் சொல்வேன்? உங்களிடம்தான் சொல்ல முடியும்.

அது எண்பதுகளின் தொடக்கம். அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் நான் மருந்தாளுநராக இருந்தேன். உங்கள் கழுத்துக் கட்டி புற்றுநோய் என்று மெட்ராஸில் சொல்லி, முதல் சில ஊசிகளை அங்கேயே போட்டார்கள். மீதியை நம் ஊரிலேயே போட்டுக்கொள்ளலாம் என்றதும், என் அண்ணன் ஐஸ் நிரப்பிய ஃபிளாஸ்கில் மருந்துக் குப்பிகளை வைத்து, பஸ்ஸில் மடியைவிட்டு இறக்காமல் கொண்டுவந்தார். நித்தியகல்யாணிச் செடியிலிருந்துதான் இந்த மருந்தை எடுக்கிறார்கள் என்றேன். "சுடுகாட்டுல மொளைக்குமே, அதுவா?" என்று சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குளிரிலேயே வைக்க வேண்டும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது; மருந்தறை ஃப்ரிட்ஜில் வைத்தேன். குளிர் போனால் எத்தனை நேரம் தாங்கும் என்று போடவில்லை.

அந்தத் தீபத்தன்றும், வருடா வருடம் செய்கிறபடி, வாட்ச்மேன் ஆஸ்பத்திரி முழுக்க மெயினை அணைத்தார். மலையில் ஜோதி தெரிந்ததும் வார்டுப் பக்கத்தை மட்டும் போட்டுவிட்டு, மருந்தறைப் பக்கத்தை மறந்து கிரிவலம் கிளம்பிவிட்டார். முந்தின வருடம்வரை எங்களுக்கு ஃப்ரிட்ஜே கிடையாது. அவருக்கு அந்த நினைப்பே வரவில்லை. காலையில் மருந்தறைக் கதவைத் திறந்தேன். காலில் தண்ணீர் பட்டது. ஐஸெல்லாம் உருகித் தரையில் ஓடியிருந்தது.

குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முந்தின நாள் போலவே தெளிவாக இருந்தது. என்னைப் பயமுறுத்தியது அந்தத் தெளிவுதான்.

"பாலா இருந்தா திரிஞ்சு காட்டும். இது காட்டாதா?" என்று கேட்டீர்கள்.

"காட்டாது அண்ணி."

டாக்டரும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குளிர்காலந்தான், கெட்டிருக்காதுனு நெனைக்கிறேன். நிச்சயமா சொல்ல முடியாது" என்றார். ஊசி போட வேண்டியது அன்றைக்கு. தீபக் கூட்டத்தில் பஸ்களை ஊருக்கு வெளியே வேங்கிக்காலோடு நிறுத்திவிட்டார்கள். வேறு மருந்து வர நாளாகும். போட்டது செத்த மருந்தாக இருந்தால் கட்டி வளரும். போடாமல் காத்திருந்தாலும் வளரும். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நீங்கள்தான் கையை நீட்டினீர்கள்.

"போடுங்க டாக்டர். இவ மூஞ்சியப் பாத்தாதான் எனக்கு ஜாஸ்தி பயமா இருக்குது."

அந்த மருந்து வேலை செய்தால் விரல் மரத்துப்போவதுண்டு. உங்கள் விரல் மரத்துப்போக வேண்டும் என்று அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டேன். இப்படி ஒரு வேண்டுதல் வைத்த நாத்தனார் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஒரு நாள் ஜாக்கெட் கொக்கியை மாட்ட முடியாமல், "கட்டைவெரல்ல உணர்ச்சியே இல்லடி" என்றீர்கள். உங்களைக் கட்டிக்கொண்டு அழுதேன். "என் வெரல் போச்சுனா உனக்குச் சந்தோஷமா? நல்ல நாத்தனாரு!" என்றீர்கள்.

கட்டி கரைந்தது. சில வருடங்கள் நன்றாக இருந்தீர்கள். பிறகு அது வயிற்றில் திரும்ப வந்தது. அந்த ஒரு ஊசியால்தானா என்று நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. என் முகமே கேட்டிருக்கும். படுத்தபடியே உங்கள் கட்டைவிரலை என் கையில் வைத்தீர்கள்.

"அது நல்ல ஊசிதான்டி. இன்னும் மரத்துதான் இருக்குது, தொட்டுப் பாரு. கெட்ட மருந்துனா இப்படி ஆவுமா?"

மெட்ராஸில் முன்பு போட்ட ஊசிகளாலேயே அந்த மரப்பு வந்திருக்கலாம் என்று மருந்து படித்த எனக்குத் தெரியும். சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

இப்போது மலையில் தீபம் எரிகிறது. வீட்டில் எல்லோரும் மாடியில் இருக்கிறார்கள். நான் மட்டும் ஃப்ரிட்ஜ் கதவில் கையை வைத்து, அது ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன். நீங்கள் போய் இத்தனை வருடமாகியும் உங்கள் கட்டைவிரல் இன்னும் இந்தக் கையில்தான் இருக்கிறது. மெட்ராஸ் ஊசிகளின் விஷயம் உங்களுக்கும் தெரிந்திருந்ததா, அண்ணி? தெரிந்தே, நான் பயப்படக்கூடாதென்றுதான் அப்படிச் சொன்னீர்களா?