தோற்பதற்கு ஒரு ஓப்பனிங்

ஜூன் 8, 2025, ஞாயிறு

ஆர்டர் வந்து இரண்டு வாரம் ஆகிறது. பரணிக்குப் பதவி உயர்வு, ராஜஸ்தானுக்கு மாற்றல். அவன் கல்பாக்கம் லேபை விட வேண்டும், நான் சிறுசேரி வேலையை விட வேண்டும், இருவரும் திருப்போரூர் வீட்டைப் பூட்ட வேண்டும். ஜூலை 11-க்குள் ஆபீசுக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் நாங்கள் இவ்வளவு மரியாதையாகப் பேசிக்கொண்டதே இல்லை. “உன் இஷ்டம் ஹரி.” “இல்லப்பா, உன் இஷ்டம்.” பஸ் சீட்டுக்கு இப்படி உபசாரம் செய்திருந்தால் இருவரும் தாம்பரம் வரை நின்றுகொண்டே போயிருப்போம்.

இன்று மாமல்லபுரம் கடற்கரையில் சுண்டல் தின்றுகொண்டே பரணி ஒரு யோசனை சொன்னான். “செஸ் ஆடி முடிவு பண்ணிடலாம். ஞாயிறுக்கு ஒரு கேம். முதல்ல மூணு ஜெயிக்கிறவங்க சொல்றதுதான். நான் ஜெயிச்சா போறோம், நீ ஜெயிச்சா இருக்கோம்.”

இங்கேயே இருக்க வேண்டும் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனாலும் பங்கைச் சரியாகத்தான் பிரித்திருக்கிறான். மூன்று வருடம் முன்பு இதே ஊரில் செஸ் ஒலிம்பியாடுக்குத் தன்னார்வலராகத் தண்ணீர் பாட்டில் தூக்கப் போன இடத்தில்தான் இவனைப் பார்த்தேன். அதனால் இதில் ஏதோ நியாயம் இருப்பதுபோல் தோன்றிவிட்டது. சரி என்றேன்.

அவன் மாவட்ட அளவில் ஆடியவன். எனக்குக் குதிரை எப்படிப் போகும் என்று தெரியும், எங்கே போக வேண்டும் என்று தெரியாது. “எப்பவும் நீயே வெள்ளை வச்சுக்கோ” என்றான், பெரிய வள்ளல். ராத்திரி முதல் ஆட்டம். குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் தோற்றேன்.

ஜூன் 10

ஓப்பனிங் தெரியாமல் இவனிடம் ஆடுவது வீண். மொத்தத்தையும் மனப்பாடம் செய்ய ஆயுள் போதாது. எதை, யார், ஏன் கண்டுபிடித்தார்கள் என்ற கதை தெரிந்தால் நினைவில் நிற்கும் என்று ஒரு கணக்குப் போட்டு, கம்பெனி பஸ்ஸில் ஓப்பனிங்குகளின் வரலாற்றைப் படிக்கிறேன்.

ஆதியில் ராணியே கிடையாதாம். ராஜா பக்கத்தில் ஒரு மந்திரி. மூலைவாட்டத்தில் ஒரே ஒரு கட்டம் நகர்வார், எங்கள் மேனேஜர் மாதிரி. ஆட்டம் அவ்வளவு மந்தம் என்பதால் அரேபியர்கள் முதல் பத்துப் பன்னிரண்டு நகர்த்தலுக்கு எதிராளியைக் கண்டுகொள்ளவே மாட்டார்களாம். அவரவர் படையை அழகாக அடுக்கிக்கொண்டு பிறகுதான் சண்டை. அடுக்குகளுக்கு ‘சிறகு’, ‘வெள்ளம்’ என்றெல்லாம் பெயர். நாகரிகமான மனிதர்கள்.

ஜூன் 12

ஐந்நூறு வருடத்துக்கு முன் ஐரோப்பாவில் அந்த மந்திரி ராணியாகி எல்லாத் திசையிலும் பாய ஆரம்பித்தார். அடுக்கி முடிப்பதற்குள் கழுத்தில் கத்தி. முதல் நகர்த்தலிலிருந்தே யோசிக்க வேண்டிய நிலை. இப்போது நாம் ஓப்பனிங் என்று சொல்வது அதற்குப் பிறகு வந்ததுதான். பெண்பிள்ளை வந்த பிறகுதான் வீட்டில் எல்லாரும் யோசித்து நடக்கிறார்கள். இதைப் பரணியிடம் சொன்னேன். “படிக்கறது செஸ்ஸா, வேற எதாவதா?” என்றான்.

எதிராளியின் கண்ணில் வெயில் படும்படி பலகையைப் போடு என்று அந்தக் காலத்து ஸ்பெயின் பாதிரியார் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். பாதிரியார்! ஞாயிற்றுக்கிழமை மேசையைத் திருப்பிப் போட வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

போட்டேன். அவன் சிரித்துக்கொண்டே திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்தான்.

ஆனால் ஜெயித்தேன்! ராணியை என் குதிரைக்கு எதிரில் கொண்டுவந்து சும்மா வைத்தான். எடுத்தேன். “வெயில்ல கண்ணு கூசிடுச்சு” என்றான். திரை மூடித்தான் இருந்தது. எனக்கென்ன? ஒன்றுக்கு ஒன்று.

ஜூன் 18

எதிர்வீட்டு ஷாஜாதி அக்கா தைத்த பிளவுஸைக் கொடுக்க வந்தவர் பலகையைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டார். “இன்னாடி கூத்து இது? ஊர வுட்டுப் போறதா வாணாமான்னு பொம்மைய வச்சிகினா கேப்பீங்கோ? வாயி இன்னாத்துக்குக் கீது?”

அக்காவுக்கு எங்கள் வீட்டு நாகரிகம் புரியாது.

இன்று படித்தது இந்தியத் தற்காப்பு. நம் ஊர்ப் பழைய ஆட்டத்தில் சிப்பாய் முதல் அடியிலும் ஒரு கட்டம்தான் போகும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த வங்காளி ஒருவர் கல்கத்தாவில் ஒரு வெள்ளைக்கார வக்கீலோடு ஆடும்போது, நடுவில் இறங்கி மோதாமல் ஓரத்துக்கு அடுத்த சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி, அதன் பின்னால் பிஷப்பை ஒளித்து வைத்து ஆடினாராம். நடுவைப் பிடிக்காதவன் உருப்பட மாட்டான் என்பது ஐரோப்பாவின் வேதம். பல பத்தாண்டு கழித்து அவர்களே அப்படி ஆடத் தொடங்கி, அதற்கு இந்தியா பெயரையும் வைத்தார்கள்.

நடுவில் இறங்காமல் ஓரத்தில் ஒளிந்துகொண்டு அடுத்தவர் வாயைத் திறக்கட்டும் என்று காத்திருப்பது. எங்கள் வீட்டில் நடப்பதும் அதுதான்.

ஜூன் 22, ஞாயிறு

இரண்டுக்கு ஒன்று!! நான்தான் இரண்டு.

நடந்ததை எழுதி வைக்கிறேன். என் ராஜா சிப்பாய் இரண்டு கட்டம், அவனுடையதும் இரண்டு. என் குதிரை வெளியே வந்து அவன் சிப்பாயை மிரட்டியது. அதைக் காப்பாற்ற அவன் பிஷப்பின் முன்னால் இருந்த சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினான். நான் காவல் இருப்பதை மறந்து குதிரையால் அந்த ராஜா சிப்பாயை வெட்டிவிட்டேன். அவன் குதிரையை வெட்டினான். ஐயோ என்று கத்திவிட்டு, அழாத குறையாகப் பலகையைப் பார்த்தால், என் ராணிக்கு வழி திறந்து கிடக்கிறது. போய் ‘செக்’ வைத்தேன். அடுத்து சிப்பாய், அடுத்து யானை. எல்லாம் எனக்கு. பரணி தலையில் கை வைத்துக்கொண்டான். “பின்றியே ஹரி!”

இன்னும் ஒன்றே ஒன்று. ராஜஸ்தான் ஒட்டகங்களே, விடை கொடுங்கள்.

ஜூன் 24

பஸ்ஸில் படித்துக்கொண்டே வந்தவள் கேளம்பாக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

பரணி தள்ளிய அந்தச் சிப்பாய்க்குப் பெயர் இருக்கிறது. டாமியானோ தற்காப்பு. போர்ச்சுகலில் மருந்துக்கடை வைத்திருந்த டாமியானோ என்பவர் ஐந்நூறு வருடம் முன்பே, இப்படி ஆடாதே, குதிரையைக் கொடுத்து உன்னை முடித்துவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறார். திட்டியவர் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள், பாவம். நான் தெரியாமல் செய்த தவறுதான் அதற்குப் புத்தகம் சொல்லும் பதில்.

மாவட்ட அளவில் ஆடியவனுக்கு இது தெரியாதா?

தெரியும். வேண்டுமென்றே தோற்கிறான். ஏன்? எனக்காக விட்டுக்கொடுக்கிறானா? நான் என்ன எல்கேஜி குழந்தையா? கோபம் வந்தது. பிறகு கொஞ்சம் இனித்தது. அதற்கும் கோபம் வந்தது.

ஜூன் 28, சனி

செங்கல்பட்டில் மாமியார் வீடு. (அங்கே போனால் பரணி எனக்கு ‘ஏங்க’. வீட்டு வாசலைத் தாண்டியதும் மறுபடி ‘டேய்’.) மாமனார் பார்த்தசாரதி ரயில்வேயில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மகனின் பதவி உயர்வைத் தெரு முழுவதும் சொல்லி முடித்து, அடுத்த தெருவில் பாதி வரை போயிருக்கிறார்.

காபி கொடுக்கும்போது என்னிடம் சொன்னார்: “செஸ் ஆட்டத்துல நீ ஜெயிச்சா போக முடியாதாமே? பரணி சொன்னான். ‘நான் என்னப்பா பண்றது, அவ ஜெயிச்சுகிட்டு இருக்கா’ன்னான். விளையாட்டுக்குக்கூட ஜெயிச்சுடாதேம்மா.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அத்தை சிரிக்கவில்லை.

அட பாவி.

எனக்காக விட்டுக்கொடுக்கவில்லை. இவனுக்கே போக மனசில்லை. அதை அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. மருமகள் போக விடலைன்னு ஊர் சொல்லணும், இவன் நல்ல பிள்ளையா நிக்கணும். என் தலையில கட்டறதுக்குத்தான் ராணிய கொண்டாந்து கொண்டாந்து வைக்கிறான். நான் வேற அதுக்குக் குதிச்சேன்! பஸ்ல உக்காந்து ராவும் பகலுமா படிச்சேன்!

நாளைக்கு இருக்கிறது.

ஜூன் 29, ஞாயிறு

தோற்பதற்கும் ஓப்பனிங் இருக்கிறது. முந்நூற்றைம்பது வருடமாகப் புத்தகங்களில் இருப்பது, பெயரே ‘முட்டாள் மேட்’. ராஜாவின் பக்கத்துச் சிப்பாய்கள் இரண்டைத் திறந்துவிட்டால் எதிராளியின் ராணி நேராக வந்து உட்காரும், கதை முடியும். அதைவிடச் சீக்கிரமாகத் தோற்கச் செஸ்ஸில் வழியே இல்லை.

முதல் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினேன். அவன் ராஜா சிப்பாயைத் தள்ளினான். இரண்டாவதை இரண்டு கட்டம் தள்ளிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். வெற்றி அவன் முன்னால், தட்டில் வைத்த மாதிரி.

பரணி பலகையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மின்விசிறியைப் பார்த்தான். கடைசியில், மூலையில் இருந்த ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினான்.

“ராணியை வைடா” என்றேன்.

“எங்க?”

“எங்கயா?”

“கவனிக்கல.”

“டாமியானோவையும் கவனிக்கலையா?”

அவன் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, மாமா சொன்னதைச் சொன்னேன். “உனக்குப் போக இஷ்டமில்லன்னா அதை நீ சொல்லு. என்னை ஜெயிக்க வச்சு மாட்டி விடாத.”

யானையைக் கையில் வைத்து உருட்டினான். “எனக்குப் போக இஷ்டமில்ல ஹரி. அங்க போனா நான் கையெழுத்துப் போடற ஆளு. இங்க லேப்ல என் கையால வேலை செய்யறேன். அதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு. பிரமோஷன் வேணாம், லேப் போதும்னு அப்பாகிட்ட சொன்னா என்னைப் பைத்தியம்னுவாரு.”

“அதனால என்னைப் பைத்தியமாக்கலாம்னு பார்த்தியா?”

தப்புத்தான் என்றான். அதோடு விட்டிருக்கலாம். “நீ மட்டும் என்னவாம்? போக மாட்டேன்னு ஒரு தடவையாவது வாயத் திறந்து சொன்னியா? உன் இஷ்டம் உன் இஷ்டம்னியே தவிர?” என்றான்.

எழுந்து போய்ப் படுத்துக்கொண்டேன். கேட்டிருக்கக் கூடாத கேள்வி.

ஜூலை 1

பேசவில்லை. தோசை மட்டும் சுட்டுக் கொடுத்தேன். அவனுக்குப் பிடித்த மாதிரி முறுகலாக இல்லை.

ஜூலை 3

அவன் கேட்டது சரிதான் என்று இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். போக வேண்டும் என்று அவன் சொல்லியிருந்தால், உனக்காக வந்தேன் என்று ஆயுள் முழுக்கச் சொல்லிக் காட்டியிருப்பேன். நன்றாகவே சொல்லிக் காட்டியிருப்பேன்.

ஷாஜாதி அக்கா மாடிப்படியில் கேட்டார். “இன்னா ஆச்சு உங்க பொம்ம ஆட்டம்?” நின்றுபோச்சு என்றேன். “அப்பாடா. இனிமேலாச்சும் வாயால சண்ட போடுங்கோ.”

போட்டோம். பலகையை எடுத்துப் பீரோ மேல் வைத்துவிட்டு, ராத்திரி நன்றாகச் சத்தமாகவே போட்டோம். ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டு போய் அப்பாவிடம் அவனே சொல்வதாக முடிவு. நான் கூட வருவேன், வாயைத் திறக்க மாட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

அத்தை கேசரி கிண்டியிருந்தார். பதவி உயர்வுக்காம்.

பரணி பஸ் முழுக்க ஒத்திகை பார்த்தான். மாமாவைக் கண்டதும் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். பிறகு ரயில் நேரத்தைப் பற்றி. கூடத்தில் அரபு தேசத்து ஆட்டம் நடந்துகொண்டிருந்தது, ஆளாளுக்கு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் கேசரியைத் தின்றேன்.

பிறகு ஒரு வழியாகச் சொன்னான். “அப்பா, நான் ராஜஸ்தான் போகல.”

மாமா அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். “ஹரிப்ரியா என்ன சொல்றா?”

“அவளைக் கேக்காதீங்கப்பா. அவ ஆட்டத்துல ஜெயிக்கல, நான்தான் தோத்தேன். எனக்கு இங்க இருக்கற வேலைதான் வேணும். முடிவு என்னோடது.”

சொல்லியே விட்டான். நான் ஜம்மென்று உட்கார்ந்திருக்கலாம். பழி முழுவதும் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரு வாரமாக நான் ஆசைப்பட்டதும் அதுதான். ஆனால் அவன் அப்படித் தனியாக நிற்பதைப் பார்க்க முடியவில்லை. கேசரித் தட்டைக் கீழே வைத்தேன்.

“எனக்கும் போக இஷ்டமில்லை மாமா. இவர் கிளம்பறேன்னு சொல்லியிருந்தாலும் நான் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்.”

இந்த வாக்கியத்தை நான் பரணியிடம்கூட இதற்கு முன் சொன்னதில்லை. அவன் திரும்பிப் பார்த்தான்.

மாமா பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். நாங்கள் கிளம்பும் வரை அதை மடிக்கவில்லை. அத்தை மட்டும் மீதிக் கேசரியை டப்பாவில் போட்டுக் கையில் திணித்தார். மூடியை அழுத்தின வேகத்தில் கோபம் தெரிந்தது.

ஜூலை 9

பரணி ஆபீசுக்குப் பதில் அனுப்பிவிட்டான். மாமாவிடமிருந்து போன் இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் மாமா கூப்பிட்டார். பரணி ஸ்பீக்கரில் போட்டான். போனை நடுவில் வைத்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தோம்.

“உங்க ரெண்டு பேருக்கும் மூளை கலங்கிப் போச்சு” என்றுதான் ஆரம்பித்தார். உங்க ரெண்டு பேருக்கும் பொறுப்பு கிடையாது, உங்க ரெண்டு பேருக்கும் ஊர் உலகம் தெரியாது, உங்க ரெண்டு பேரையும் அடுத்த தெருக்காரன் கேட்டால் நான் என்ன சொல்வேன். அத்தை பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். கல்யாணத்தன்றுகூட எங்களை இத்தனை முறை சேர்த்துச் சொல்லவில்லை.

அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் இவன் “சரிப்பா” என்றான். நான் “சரி மாமா” என்றேன். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.