பள்ளத்துப் பக்கம் கடல்

அன்பு குறையாத அப்பாவுக்கு,

அம்மா காலி ஊருக்கு, என்னிடம் வந்துவிட்டாள். நீங்கள் கண்மூடியபின் கங்காணி வீட்டைப் புதிய கங்காணிக்கு விட்டுக்கொடுத்து, தோட்டத்து லயத்தில் ஒற்றைக் காம்பராவில் தனியாகக் கிடந்தவள். ஓப்பநாயக்க ஸ்டேஷனில் ரயில் ஏறும்வரை மலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நான் இங்கே பள்ளிக்கூட ஆசிரியன். இனி என்னோடு இரு என்றேன். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள்.

நேற்று மாலை கோட்டை மதிலுக்கு அழைத்துப் போனேன்.

"யம்மாடி! இது எந்தத் தொரை கட்டுனதுடா?"

"ஒல்லாந்துத் தொரைமாரும்மா. அந்தக் காலத்துல."

"எதுக்கு இம்புட்டு ஒசரம்?"

"மத்த தொரைமார் கப்பல்ல வந்து புடிச்சிருவாங்கன்னு பயம்."

"தொரைக்கும் பயமா!"

சிரித்தாள். நீங்கள் போனபின் அவள் சிரித்து நான் கேட்டதில்லை.

மதிலின் மேல் ஒற்றையடிப் பாதை. ஊர்ப் பக்கம் புல்மேடு. மறுபக்கம் சற்றுத் தாழ்வாக ஒரு கல்விளிம்பு. அதற்கும் கீழே பாறையும் அலையும். அம்மா குடை பிடித்து முன்னால் நடந்தாள்.

எதிரே ஒரு வெள்ளைக்காரன் வந்தான்.

தோட்டத்தில் துரை எதிரே வந்தால் குடையை மடக்கி, பாதையின் பள்ளத்துப் பக்கம் இறங்கி நிற்க வேண்டும். எங்களைப் பழக்கியவர் நீங்கள். உங்களை யார் பழக்கினார்கள், அப்பா?

அம்மா குடையை மடக்கினாள். பள்ளத்துப் பக்கம் இறங்கினாள். இங்கே அது கடல்.

கூப்பிட்டால் திரும்புவாள். அந்த விளிம்பில் திரும்ப இடமில்லை. வெள்ளைக்காரனும் பார்த்துவிட்டான். பதறி, நில் என்பதுபோல் உள்ளங்கையை நீட்டினான். தோட்டத்தில் அந்தக் கைக்கு ஒரே பொருள்தான்: இன்னும் தள்ளிப் போ. அம்மா குதிகாலைப் பின்னால் வைத்தாள். காரை உதிர்ந்து கீழே விழுந்தது.

நான் அம்மாவிடம் ஓடவில்லை. அவனிடம் ஓடினேன். தோளைப் பிடித்து மேட்டுப் பக்கம் இழுத்தேன். இருவரும் புல்லில் விழுந்தோம். பாதையில் இப்போது துரை இல்லை. அம்மா மேலே ஏறி வந்தாள்.

அவன் எழுந்தான். அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று ஆங்கிலத்தில் கேட்டான். அம்மாவுக்கு அது வசவாகப் பட்டிருக்க வேண்டும். கும்பிட்டாள்.

"சின்னப் பயதானுங்க தொரை. தெரியாம கைய வச்சிட்டான்."

அதை நான் அவனுக்குச் சொல்லவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று மட்டும் சொன்னேன். அவன் போனான்.

"படிச்ச பயலாடா நீ? தொரை மேலயா கை வைப்ப?"

"நீ விழுந்திருப்பம்மா."

"விழுந்தா நான் ஒருத்தி. ஒன்னப் புடிச்சிட்டுப் போயிட்டா? அந்த மனுசனுக்கு நான் என்னா பதில் சொல்லுவேன்?"

அந்த மனுசன் நீங்கள்தான்.

அம்மா துணிமூட்டையைக் கட்டி வைத்துவிட்டாள். தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்டால் என்னை உள்ளே போகச் சொல்லிவிட்டுத் தான் வாசலை மறைத்து நிற்கிறாள். இது தோட்டமில்லை என்கிறேன். "தொரைக்குத் தோட்டமென்ன, டவுனென்ன" என்கிறாள். இருப்பாளா? போவாளா? தெரியவில்லை.

ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன், அப்பா. இங்கேயானாலும் மலையிலானாலும், அவளோடு நடக்கும்போது பள்ளத்துப் பக்கம் நான் நடப்பேன். எதிரே யார் வந்தாலும் இறங்கமாட்டேன். நீங்கள் கோபித்தாலும் சரி.

உங்கள் சொல் தட்டிய இளைய மகன்,
செல்லையா