புளி போட்டு மினுக்கிய வில்லை

டிசம்பர் 1, திங்கள்

மழை, பிறகு பனி, பிறகு இரண்டும் கெட்ட சேறு. மூன்றரைக்கே இருட்டு. முழங்கால் வலி. அரிசிமா முடிந்துவிட்டது, வாங்க வேண்டும்.

மேல்வீட்டு ஆர்னேயின் குளியலறையை உடைத்துத் திருத்துகிறார்கள். ஆட்கள் போய் வரும் வீடு என்று தன் பெட்டியை என்னிடம் தந்துவிட்டுப் போனார். அடிமை வியாபாரத்தை நிறுத்தச் சொல்லி அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் அடித்த செப்பு வில்லைகள், பதக்கங்கள். "எங்கள் நோர்வேக் கப்பல்களும் அந்த வியாபாரத்துக்குப் போனவைதான்" என்று முன்பொருமுறை சொல்லியிருக்கிறார். அதனால்தான் சேர்க்கிறாராம்.

ஒன்றை மட்டும் எடுத்துக் காட்டினார். விலங்கு பூட்டிய ஒரு மனிதன் முழங்காலில் நின்று கை கூப்புகிறான். சுற்றிவர எழுத்து: நானும் ஒரு மனிதன், ஒரு சகோதரன் அல்லவா? ஆர்னேக்கு இது உயிர். சனிக்கிழமை சேகரிப்பாளர் கூட்டத்தில் காட்டப் போகிறார்.

வந்த புதிதில் எனக்கு நோர்வே மொழி சொல்லித்தந்தவர் இவர்தான். ஞாயிறு தவறாமல், என் சமையலறை மேசையில். கோப்பியைத் தவிர ஒன்றும் வாங்கவில்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

வேலை லீவு. கார்த்திகை விளக்கீடு வருகிறது. குத்துவிளக்கு, செம்பு, மணி, எல்லாவற்றையும் புளியும் உப்பும் போட்டு மினுக்கினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கை சும்மா இருக்குமா? ஆர்னேயின் வில்லை ஞாபகம் வந்தது. ஒரே கறுப்பு, அந்த மனிதனின் முகமே தெரியவில்லை. இத்தனை செய்த மனுஷருக்கு இதையாவது செய்வோம் என்று அதையும் தேய்த்தேன்.

பளபள. கண், மூக்கு, விரல் எல்லாம் தெரிந்தது. பெருமையோடு படம் எடுத்து ஸ்தவாங்கரில் இருக்கும் மகளுக்கு அனுப்பினேன். உடனே போன்.

"அம்மா, பழைய காசை ஒருதரும் கழுவமாட்டினம். அந்தக் கறுப்புத்தான் அதின்ரை மதிப்பு. என்ன வேலை செய்து வைச்சிருக்கிறீங்கள்?"

வில்லையைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன்.

டிசம்பர் 3, புதன்

வேலையில் மனம் ஓடவில்லை. திரும்பக் கறுப்பாக்கப் புகையில் பிடிக்கலாமா என்று மகளிடம் கேட்டேன். இனித் தொட வேண்டாம் என்று கத்தினாள். ஒளிக்கவும் முடியாது. விசர் மனுஷி நான்.

பின்னேரம் உழுந்து வடை சுட்டு, பெட்டியோடு மேலே போனேன். நடந்ததைச் சொன்னேன். ஆர்னே வில்லையை ஓரத்தில் பிடித்து, பூதக்கண்ணாடியால் நெடுநேரம் பார்த்தார். முகம் சிவந்துபோயிற்று. இதைச் சனிக்கிழமை காட்ட முடியாது என்று மட்டும் சொன்னார். வடைத் தட்டை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். படியிலேயே அழுதுவிட்டேன்.

டிசம்பர் 4, வியாழன்

மைனஸ் 6 பாகை குளிர். வானம் வெளித்து முழு நிலா. பல்கனியில் மண் சிட்டி விளக்குகள் ஏற்றினேன். காற்று அணைக்க, நான் ஏற்ற, ஒரே போராட்டம்.

மணி அடித்தது. ஆர்னே. கையில் என் வடைத் தட்டு. எங்கள் ஆட்கள் தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை என்று எப்போதோ நான்தான் அவருக்குச் சொன்னேன். தட்டில் அந்த வில்லை.

ஐயோ வேண்டாம் என்றேன். நேற்றுக் கோபம்தான் என்று ஒத்துக்கொண்டார். இவ்வளவு காலமும் அந்த மனிதனின் கண்ணைத் தான் கண்டதில்லையாம். பிறகு சொன்னார். அவர் சொன்னது நோர்வே மொழியில், எனக்குக் கேட்டது இப்படி:

"இது திரும்பக் கறுக்க வேணுமெண்டால் வருஷக்கணக்கா கை படவேணும். எனக்கு எண்பத்திரண்டு. எனக்கு அவ்வளவு வருஷம் இல்லை. உனக்கு இருக்கு."

கோப்பி போட்டேன். வடை இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. காற்று அணைத்த விளக்குகளை அவரும் சேர்ந்து ஏற்றினார். இப்படி ஒரு அயல் கிடைக்க நான் என்ன புண்ணியம் செய்தேனோ.

போகும்போது விரலை ஆட்டி ஒரே கட்டளை: புளி கூடாது.

வில்லை கோட்டுப் பையில். நாளை வேலைக்குப் போக ஹொல்ம்லியா ஸ்டேஷனில் ரயில் ஏறியதும் கையுறையைக் கழற்ற வேண்டும். இறங்கும்வரை வெறுங்கையில் பொத்தி வைத்திருக்க வேண்டும்.