குறையில்லாச் சான்று

மருத்துவமனை வராந்தா,
ஞாயிறு காலை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் நலம். அம்மாவும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. பதறாதே, முழுக்கப் படி. உயிருக்கு ஒன்றும் இல்லை. போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன், நீயும் அங்கே வேலையைப் போட்டது போட்டபடி ஓடி வருவாய். அதனால்தான் கடிதம்.

போன செவ்வாய்க்கிழமை அம்மா படிக்கட்டில் விழுந்துவிட்டாள். நம் நகராட்சிக் குடியிருப்பில் இரண்டாம் மாடித் திருப்பத்தில் கைப்பிடி பெயர்ந்து தொங்கிக்கொண்டிருந்ததே, அந்த இடம்தான். இடுப்பெலும்பில் விரிசல், வலது மணிக்கட்டு முறிவு. நாலு வாரம் இங்கேயே இருக்க வேண்டும் என்கிறார்கள். "விழுந்தேனே தவிர பால் பாக்கெட்டை விடலையே" என்று வருகிற நர்ஸ் எல்லாரிடமும் பெருமை பேசிக்கொண்டிருக்கிறாள். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. அதைச் சொல்ல இன்னும் வாய் கூசுகிறது.

என் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய சுற்றறிக்கை ஞாபகம் இருக்கிறதா? மற்றவர்களுக்கெல்லாம் வாழ்த்து அட்டை வரும், எனக்கு மட்டும் வருஷா வருஷம் உன்னிடமிருந்து ஒரு போலிச் சுற்றறிக்கை வரும். நகராட்சியில் நாள் முழுக்கச் சுற்றறிக்கை தட்டச்சு செய்கிற அக்காவுக்கு வேறு என்ன அனுப்புவது என்பாய். பொருள், பார்வை, நகல் யார் யாருக்கு என்பது வரை அச்சு அசலாக எங்கள் அலுவலகத் தாள் மாதிரியே இருக்கும். அந்த அமைப்பை உனக்குச் சொல்லிக்கொடுத்த பாவி நான்தான். போன வருஷம் தெருநாய்கள் குரைப்பதற்கு முன்அனுமதி பெற வேண்டும் என்று அனுப்பியிருந்தாய். வாரப் பத்திரிகையில் நீ எழுதுகிற நையாண்டிப் பக்கத்தைவிட இதுதான் பிரமாதம் என்று அத்தான் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இந்த வருஷம் வந்தது எனக்கு மனப்பாடம். "புகார் அளிக்க வரும் ஒவ்வொருவரும், 'எனக்கு எந்தக் குறையும் இல்லை' என்று மனம் நிறைந்து, மறுபேச்சின்றி, தம் கைப்பட எழுதிக் கையொப்பமிட்டுச் சான்று அளிக்க வேண்டும். சான்று இல்லாதவரின் புகார் ஏற்கப்படமாட்டாது. சான்று அளித்தவருக்குக் குறையே இல்லை என்பதால் அவரது புகாரும் ஏற்கப்படமாட்டாது." இப்படியே ஒன்றரைப் பக்கம். மத்தியான இடைவேளையில் படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்த சிரிப்பில் பல் வலி ஆரம்பித்து, அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பல் டாக்டரிடம் போனேன். தாளை மேஜையிலேயே விட்டுவிட்டேன்.

அவ்வளவுதான் நான் செய்த தப்பு. எங்கள் அலுவலக உதவியாளர் அம்மா, என் மேஜை மேல் கிடந்த தட்டச்சுத் தாள்களை எல்லாம் அள்ளிக் கையெழுத்துக் கோப்பில் வைத்திருக்கிறார். தினமும் செய்கிற வேலை, அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கோப்பு எங்கள் மேலாளரிடம் போயிருக்கிறது. அவருக்கு ஆபீசில் சரிசரி என்றுதான் பெயர். எதை நீட்டினாலும் "சரி, சரி" என்று கையெழுத்துப் போடுவார், கண் பேனா முனையை விட்டு மேலே ஏறாது. மறுநாள் நான் வீங்கிய கன்னத்தோடு வந்தபோது, உன் வாழ்த்துக்கு எண் விழுந்து, முத்திரை விழுந்து, நாற்பது நகல் எடுத்து, வாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டியாகிவிட்டது.

சரி, படிக்கிறவர்கள் சிரிப்பார்கள், விஷயம் வெளியே வரும், எனக்கு வேலை போகும் என்றுதான் நினைத்தேன். பயந்தபடி நடந்திருந்தால்கூட இவ்வளவு அதிர்ச்சி இருந்திருக்காது. தம்பி, ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை! பலகை முன்னால் நின்று படித்தார்கள், பெருமூச்சு விட்டார்கள், வரிசையில் போய் நின்றார்கள். முதல் ஆள் கவுண்டரில் கேட்ட ஒரே கேள்வி, "சார், நீலப் பேனாவா, கறுப்புப் பேனாவா?" எதிர்வீட்டு ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர், நாம் தப்பாகப் பேசினால் நடுத்தெருவில் நிறுத்தித் திருத்துவாரே, அவர் சான்றை இரண்டு பிரதி எழுதி ஒன்றைத் தன் பைலுக்கு என்று மடித்து எடுத்துக்கொண்டு போனார். ஒரு வாரத்தில் எதிர் ஜெராக்ஸ் கடையில் அச்சடித்த படிவமே வந்துவிட்டது.

மாதக் கடைசியில் நிலுவைப் புகார் பூஜ்யம். தலைமை அலுவலகத்தில் சரிசரிக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். மூன்று மாதம் யோசித்து இந்தத் திட்டத்தைக் கொண்டுவந்ததாக மேடையில் பேசினாராம். மற்ற ஊர்களுக்கும் இதையே அனுப்பச் சொல்லி உத்தரவு. அந்த நகல்களைத் தட்டச்சு செய்ததும் நான்தான். உன் வரிகளை மறுபடி மறுபடி அடிக்கும்போது எனக்கும் அது நிஜ உத்தரவு மாதிரியே தோன்ற ஆரம்பித்தது. அதை நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது.

அம்மா விழுந்த அன்றைக்குத்தான் விஷயமே தெரிந்தது. கைப்பிடி ஆடுகிறது என்று புகார் கொடுக்க அதற்கு முந்தின வாரமே வந்திருக்கிறாள். நான் உள்ளே தட்டச்சு அறையில் இருந்தேன், எனக்குத் தெரியாது. கவுண்டரில் சான்று கேட்டிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். உங்களுக்குத்தான் குறையே இல்லையே அம்மா, அப்புறம் என்ன புகார் என்று அனுப்பிவிட்டார்கள். "ஏம்மா, நீ விடமாட்டியே, சண்டை போட்டிருக்கலாமே" என்று கத்தினேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மனம் நெறைஞ்சு, மறுபேச்சில்லாமன்னு படிச்சதுமே தெரிஞ்சுபோச்சுடி. உங்களுக்குச் சோறு போடும்போது நான் சொல்றதாச்சே அது. இவன் எழுதினதுதான். நான் சண்டை போட்டா, யார் எழுதினது, எப்படி வந்துச்சுன்னு தோண்டுவாங்க. புள்ளைங்க ரெண்டு பேருக்கும் எதுக்கு வம்பு? கையெழுத்துத்தானேன்னு போட்டுட்டு வந்துட்டேன்."

மறுநாளே சரிசரியிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். சார், அது என் தம்பி விளையாட்டுக்கு எழுதியது, தப்பி வந்துவிட்டது என்றேன். மனிதர் முகம் வெளுத்துப்போய், எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "விளையாட்டுன்னு வெளிய சொல்லிடாதீங்கம்மா. கேடயத்தத் திருப்பிக் கேப்பாங்க" என்றார். சரி, சுற்றறிக்கையை எதிர்த்து முறையாக மனுவாவது கொடுக்கலாம் என்று கவுண்டருக்குப் போனால், அதுவும் புகார்தான், சான்று எழுதிக்கொடு என்கிறார்கள். அத்தான் பொறுக்க மாட்டாமல் திருப்பத்தில் கயிறு கட்டினார். அனுமதி இல்லாமல் நகராட்சிக் கட்டடத்தில் கை வைத்ததாகக் காவலாளி அறுத்துப்போட்டார். அனுமதி கேட்டால் அதற்கும் அதே சான்று.

அதனால் ஒரே வழிதான் தெரிகிறது. இன்னொரு சுற்றறிக்கை எழுதி அனுப்பு. பழையது ரத்து, புகார்களை வாங்க வேண்டும், பழுதுகளைச் சரிசெய்ய வேண்டும் என்று. இந்த முறை நானே, தெரிந்தே, கோப்பில் வைக்கிறேன். உனக்குக் கோடிப் புண்ணியமாகப் போகும், கிண்டல் ஒரு வரிகூட வேண்டாம். அம்மா வீட்டுக்குத் திரும்புவதற்குள் அந்தக் கைப்பிடி வந்தாக வேண்டும். மூன்றாம் மாடிக்கு அறுபத்திரண்டு படி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


வீடு,
சனிக்கிழமை மத்தியானம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதமும் சுற்றறிக்கையும் பத்தாம் நாள் கிடைத்தன. கடிதத்தைப் படித்துவிட்டுச் சமையலறையில் நின்று அழுதேன். பத்திரிகை ஆசிரியரிடம் இனிமேல் நையாண்டிப் பக்கம் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டாயாமே. அம்மாவைத் தள்ளிவிட்டதே உன் கைதான் என்று எழுதியிருக்கிறாய். அடிக்க வேண்டும் உன்னை. அதற்கு அப்புறம் வருகிறேன், முதலில் நேற்று நடந்ததைக் கேள்.

நீ எழுதியது நன்றாகத்தான் இருந்தது. நாலே வரி. "முந்தைய சுற்றறிக்கை ரத்து செய்யப்படுகிறது. புகார் அளிக்க வருபவரை உட்காரவைத்து, புகாரைப் பெற்றுக்கொள்ளவும். உடைந்தவற்றை ஏழு நாளில் பழுதுபார்க்கவும். பழுதுபார்த்ததைப் புகார் அளித்தவருக்குத் தெரிவிக்கவும்." நான் திருத்த ஒன்றும் இல்லை. தட்டச்சு செய்து, கோப்பின் நடுவில், லீவு விண்ணப்பங்களுக்குக் கீழே வைத்தேன். கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சரி, சரி, சரி என்று கையெழுத்து விழுந்துகொண்டே வந்தது. உன் தாள் வந்ததும் பேனா நின்றுவிட்டது.

மற்றதெல்லாம் ஒன்றரைப் பக்கம், இது நாலு வரி. அதுதான் கண்ணில் பட்டுவிட்டது. இருபது வருஷத்தில் முதல் முறையாக அவர் ஒரு தாளைப் படிப்பதை நான் பார்த்தேன். மாட்டினோம் என்று நினைத்தேன். அவர் தலையைத் தூக்கினார். பிறகு சிரித்தார் பார், அப்படி ஒரு சிரிப்பு! மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். எல்லாரையும் கூப்பிட்டு உரக்கப் படித்துக்காட்டினார். "உக்காரவெச்சு வாங்கணுமாம்!" என்றபோது கவுண்டர்க்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "ஏழே நாளாம்!" என்றபோது பராமரிப்புப் பிரிவுப் பொறியாளர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, ஏழு நாளில் எனக்குக் கேட்ட பேனாவே வராது என்றார். உதவியாளர் அம்மாகூடச் சிரித்தார், தம்பி. அவர் வீட்டுக் கூரை இரண்டு வருஷமாக ஒழுகுகிறது.

"உங்க தம்பி எழுதினதுதானே? நல்லா எழுதுறாரும்மா. இதப் பத்திரிகைல போடச் சொல்லுங்க" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார் சரிசரி. நான் மட்டும் சிரிக்காமல் அங்கேயே நின்றேன். பைத்தியக்காரத்தனமாக எழுதியதை உத்தரவு என்று தலைமேல் வைத்துக்கொண்டார்கள், ஒழுங்காக எழுதியதை நகைச்சுவை என்கிறார்கள். என் தலைக்கு ஏதாவது ஆகிவிட்டதா, இல்லை இந்த ஆபீசுக்கா என்று விளங்காமல் பஸ் ஏறி, நேரே மருத்துவமனைக்குப் போனேன்.

அம்மாவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். சொல்லிவிட்டேன். இடுப்பு வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டே சிரித்தாள். "அவனுக்கு வராத வேலைய நீ ஏண்டி குடுத்த? புத்தியா எழுதுன்னா அவன் என்ன பண்ணுவான்? அவனுக்கு எது வருமோ அத எழுதச் சொல்லு" என்றாள். நீ எழுதுவதை விட்டுவிட்டதையும் சொன்னேன். சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

அதனால் உட்கார்ந்து எழுது. ஒன்றரைப் பக்கத்துக்குக் குறையவே கூடாது. பழுது என்றோ, புகார் என்றோ, கைப்பிடி உடைந்தது என்றோ தயவுசெய்து வராதபடி பார்த்துக்கொள். நகராட்சியில் குறையே இல்லை என்பதை மக்கள் கையால் தொட்டு உணர்வதற்காக எல்லா மாடிப்படிகளிலும் இடுப்பு உயரத்தில் மனநிறைவுக் குழாய் பொருத்த வேண்டும் என்று எழுது. திறந்துவைக்கும் அதிகாரி அதைப் பிடித்தபடி அறுபத்திரண்டு படியும் ஏறிக் காட்ட வேண்டும் என்று போடு. அதிகக் குழாய் பொருத்திய அலுவலகத்துக்குக் கேடயம் என்று கடைசியில் ஒரு வரி மறக்காமல் சேர். நான் எழுதினால் இப்படித்தான் தட்டையாக வரும். நீ எழுதினால் இதைவிடக் கேவலமாக, யாராலும் மறுக்கவே முடியாதபடி வரும். எனக்குத் தெரியும், உன் சுற்றறிக்கைகளைப் பன்னிரண்டு வருஷமாகப் படிக்கிறவள் நான்.

கடிதம் இங்கிருந்து மூன்று நாளில் உனக்கு வந்துவிடும். உன்னுடையது திரும்பி வர மூன்று நாள். வெல்டிங் கடைக்காரரிடம் அத்தான் அளவு கொடுத்து வைத்திருக்கிறார், உத்தரவு வந்த அன்றைக்கே வேலை முடியும். அடுத்த மாதம் நாலாம் தேதி அம்மாவை அனுப்புகிறார்கள்.

பத்திரிகை ஆசிரியருக்கும் இன்றே போன் பண்ணு. பக்கத்தை வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று சொல். அம்மா விழுந்ததற்கு நான் மேஜையில் விட்டுவந்த தாளும் காரணம், படிக்காமல் கையெழுத்துப் போட்டவரும் காரணம், படித்துவிட்டும் வரிசையில் நின்ற அத்தனை பேரும் காரணம். நீ ஒருவனே எல்லாவற்றையும் சுமக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், இவர்களைக் கிண்டல் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

மனம் நிறைந்து, மறுபேச்சின்றி,
உன் அக்கா

பி.கு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் மருத்துவமனைக்கு எடுத்துப்போனேன். அம்மா பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். வலது கையில் மாவுக்கட்டு, அதனால் இடது கையால் எழுதியிருக்கிறாள். இரண்டு வரிக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. கோணல்மாணலாக இருக்கும், பொறுமையாகப் படி.

எனக்கு எந்தக் குறையும் இல்லடா கண்ணா.
நீ எழுது.