காளிமுத்துவின் பயற்றங்காய்

3 ஜூலை 1995, திங்கள்

வாரம் தொடங்கும்போதே ஒரு பொய்யன். மலாக்காவில் டுரியான் துங்கால் பக்கம், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டே காய்கறியும் போடுகிறவராம், பேர் காளிமுத்து. எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு பை பயற்றங்காய் கொடுத்துவிட்டுப் போனார். பூச்சிமருந்து இல்லையென்று நாங்கள் எழுதிக் கொடுத்தால்தான் சிங்கப்பூருக்கு அனுப்பும் முதலாளி, அந்தத் தவுக்கே, இனி அவரிடம் வாங்குவாராம். "மருந்தே அடிக்கிறதில்லம்மா, வேப்பெண்ணெய்தான்" என்று நான் கேட்காமலேயே சொன்னார். கேட்காமலே சொல்கிற ஆளை நான் நம்புவதில்லை.

5 ஜூலை

சொன்னேனா இல்லையா!

மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் எந்தப் பொருளையும் உடைத்து, துண்டுகளை எடை போட்டு, கோடு கோடாக வரைந்து கொடுக்கும். ஒவ்வொரு விஷத்துக்கும் ஒரு கோட்டு வரிசை, கைநாட்டு மாதிரி. இன்று 127இல் நெட்டைக் கோடு, 192இல் குட்டை. மோனோகுரோட்டோபாஸ். செம்பனையில் புழு விழுந்தால் மரத்தைத் துளைத்து உள்ளே ஊற்றுகிற மருந்து அது. காய்கறிக்கு ஆகவே ஆகாது. தோட்டத்து ஸ்டோரில் கிடக்கும். அங்கேயே வேலை செய்கிறவருக்குக் கிடைக்காதா?

வரவழைத்துக் கேட்டேன். "யாரை ஏமாத்தப் பார்க்குறீங்க, அங்கிள்? பொய் சொன்னா மெஷினுக்குத் தெரியாதா?"

முகம் சிறுத்துப் போய்விட்டது. "சத்தியமா இல்லம்மா. இன்னொருக்கா பாருங்க. தவுக்கே விட்டுட்டா எனக்கு வேற ஆளு இல்ல."

சத்தியம் பண்ணாத திருடன் உண்டா?

7 ஜூலை, வெள்ளி

யாரிடமும் சொல்லாமல் என் வீட்டுக்காரர் தனேஷின் காரை எடுத்துக்கொண்டு அவர் கொல்லைக்கே போனேன். பத்து இடத்தில் என் கையால் பறித்தேன். ஓடை ஓரம், நல்ல செழிப்பு. அவர் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே நின்றார், கிட்டே வரவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

8 ஜூலை

சுத்தம். கழுவித் துடைத்தது மாதிரி. 127 இல்லை, 192 இல்லை.

அப்படியென்றால் நான் வரப்போவது தெரிந்திருக்கிறது. யார் சொன்னது? எங்கள் லேபில் வேலை செய்கிற ஹரிதாஸும் அந்தப் பக்கத்து ஆள்தானே. கேட்டேவிட்டேன். "அக்கா, நீங்க போனதே எனக்கு இப்பத்தான் தெரியும் லா" என்றவன் அப்புறம் என்னோடு பேசவேயில்லை.

சாயங்காலம் கிளேபாங் கடையில் வெள்ளரிக்காயை மோந்து பார்த்தேன். "நீ கோயில் திருநீறக்கூட மெஷின்ல போட்டுப் பார்ப்ப" என்றார் தனேஷ். சிரிப்பு வரவில்லை.

13 ஜூலை

காளிமுத்து தானாகவே மூன்றாவது பை கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, கோயிலுக்கு வந்தவர் மாதிரி.

14 ஜூலை, வெள்ளி

திரும்பவும் விஷம்!

கோபமா குழப்பமா தெரியவில்லை. நான் பறித்தால் சுத்தம், அவர் கொண்டு வந்தால் விஷம். தவுக்கேயை நம்பிப் பிழைக்கிறவர், மருந்தடித்த காயைத் தானே கொண்டு வந்து என் கையில் கொடுப்பாரா? அவ்வளவு பைத்தியமா?

ஐஸ் பெட்டியிலிருந்து அவர் பையை எடுத்தேன். அடியில் பனி கட்டியிருந்தது. வெயிலில் பறித்த காயில் ஏது இவ்வளவு தண்ணீர்?

15 ஜூலை

நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

"காயைக் கழுவினீங்களா?"

"கழுவாம? லேபுக்குக் கொண்டு வர்றோம், மண்ணோடவாம்மா கொண்டு வர்றது? மரியாதையா இருக்காதே."

ஐயோ. கழுவாமல் கொண்டு வாருங்கள் என்று நான் சொல்லவே இல்லை. எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று இருந்துவிட்டேன்.

"எந்தத் தண்ணியில?"

வீட்டுப் பின்னால் ஒரு நீல டிரம்மைக் காட்டினார். கூரைத் தண்ணீர் விழுந்து நிரம்பியிருந்தது. ஸ்டோரில் மருந்து தீர்ந்த டிரம்மாம். சவர்க்காரம் போட்டு நன்றாகத் தேய்த்தாராம். குடிக்கப் பைப்புத் தண்ணீர், குளிக்கவும் கழுவவும் இது. கதவோரம் அவர் மனைவி சுப்பம்மா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இவளுக்கு ஒரு மாசமா தலைசுத்து, வாந்தி. பிரஷர்னு மாத்திரை கொடுத்தாங்க."

"தொடாதீங்க! யாரும் அந்தத் தண்ணியத் தொடாதீங்க!" நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அந்த அம்மாவைக் காரில் ஏற்றி மலாக்கா ஆஸ்பத்திரியில் விட்டு, ஒரு போத்தல் டிரம் தண்ணீரோடு லேபுக்குப் போனேன்.

17 ஜூலை

தண்ணீரிலும் அதே கோடுகள், காயில் இருந்ததைவிட உயரமாக.

தவுக்கேயிடம் நானே பேசினேன். காய் சுத்தம் என்று ஒத்துக்கொண்டார், ஆனால் வேறு ஆளிடம் எடுத்துக்கொண்டாராம். நான் அவசரப்பட்டு ஐந்தாம் தேதியே காயில் விஷம் என்று அவரிடம் சொல்லியிருந்தேனே! பாவி நான். காளிமுத்து வீட்டுக்கே போய்த் தப்பு என் மேல் என்று சொன்னேன். ஹரிதாஸிடமும் மன்னிப்புக் கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினான்.

21 ஜூலை

காளிமுத்து கடைப் போனிலிருந்து கூப்பிட்டார். சுப்பம்மாவுக்குத் தேவலையாம். தவுக்கேயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "எங்க லயத்து வீடுங்க எல்லாத்துக்கும் அந்த மாதிரி டிரம்மைக் கொடுத்தது நான்தாம்மா. நல்லதுன்னு நெனச்சுதான் கொடுத்தேன். தூக்கிப் போடுங்கன்னா இப்ப சிரிக்கிறாங்க. நான் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்குறாங்க. நீங்க வந்து சொல்றீங்களா?"

23 ஜூலை, ஞாயிறு

போனேன். கோடு போட்ட தாளை விரித்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் சொன்னேன். யாரும் அசையவில்லை.

குஞ்சம்மா என்கிற அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "யாரு இவ? மேனேஜர் அனுப்பிச்ச ஆளா? டிரம்மப் புடுங்கி விக்கிறதுக்குக் கதை சொல்ல வந்திருக்கா" என்றார். நாலு பேர் ஆமாம் போட்டார்கள். என்னையா? நானா பொய் சொல்கிறேன்?

காளிமுத்து முன்னால் வந்தார். "இந்தப் பிள்ள என்னையப் பொய்யன்னு மூஞ்சிக்கு நேராச் சொன்னுச்சு. அப்புறம் அதுவே வீடு தேடி வந்து, இல்ல, தப்பு என் மேலன்னும் சொன்னுச்சு. அது பொய் சொல்லாது, குஞ்சம்மா."

குஞ்சம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு போய்த் தன் வீட்டு டிரம்மைச் சாய்க்கத் தொடங்கினார். கனம், தனியாக முடியவில்லை. லயத்துக்குப் பின்னால் காளிமுத்து ஏற்கெனவே அந்தத் தண்ணீரைக் கொட்ட ஒரு குழி வெட்டி வைத்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நானும் போய் டிரம்மின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன்.